முதல்ல வந்தவன் வெளிய, பின்னால வந்தவர் உள்ள: எமர்ஜென்சில வரிசைய யார் முடிவு பண்றாங்க?

பிப்ரவரி 11, இரவு 9.40 (ஒரு வாசகர் கேட்டது)

கை கிழிஞ்சு ரத்தத்தோட எமர்ஜென்சிக்குப் போனேன். ஒரு நர்ஸ் வந்து பாத்தாங்க, பிபி எடுத்தாங்க, காயத்த அமுக்கி கட்டுப் போட்டுட்டு உக்காருங்கன்னு சொல்லிட்டாங்க. ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன். எனக்கு அப்புறம் ஒரு பெரியவர் நடந்தே வந்தார், நல்லாத்தான் பேசிட்டிருந்தார், அவர நேரா உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. டாக்டர் பாக்கறதுக்கு முன்னாடியே ஒரு நர்ஸ் எப்படி இத முடிவு பண்ணலாம்? முதல்ல வந்தவங்கள முதல்ல பாக்கறதுதானே நியாயம்?

பிப்ரவரி 11, இரவு 11.55

அமுக்கினதும் ரத்தம் நின்னுச்சா? விரல மடக்கி நீட்டச் சொன்னாங்களா? விரல் நுனிய தொட்டு தெரியுதான்னு கேட்டாங்களா? இதெல்லாம் அந்த ஒரு நிமிஷத்துலயே நடந்திருக்கும், ஏதோ பேச்சுக் கொடுக்கறாங்கன்னு நீங்க நினைச்சிருப்பீங்க. ரத்தம் நிக்குது, நரம்பு நல்லாருக்கு, தசைநார் நல்லாருக்கு, நுனில ரத்த ஓட்டம் இருக்குன்னா அந்தக் காயம் ரெண்டு மணி நேரம் கழிச்சும் அதே காயமாத்தான் இருக்கும். வலிக்கும், எரிச்சலா இருக்கும், ஆனா உங்க உயிருக்கோ கைக்கோ அந்த ரெண்டு மணி நேரத்தால எதுவும் ஆகாது.

நான் எமர்ஜென்சி நர்ஸ், பெரும்பாலும் வாசல்ல ட்ரையாஜ் டெஸ்க்லதான் என்னைப் போடுவாங்க. ட்ரையாஜ்னா வர்றவங்களப் பாத்து யார முதல்ல உள்ள அனுப்பணும்னு தரம் பிரிக்கறது. நடந்து வந்தார், நல்லாப் பேசினார்ங்கறத வச்சு நாங்க எதுவும் முடிவு பண்றதில்ல. ஹார்ட் அட்டாக்கோட நடந்து வர்றவங்க நிறைய. ராத்திரி சாப்பிட்டது செரிக்கலன்னு சொல்லிக்கிட்டே வருவாங்க, நெத்தில முத்து முத்தா வேர்த்திருக்கும், முகம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும், ஒரு கை தானா நெஞ்சுக்குப் போயிடும். நெஞ்சு வலின்னு வந்தா உள்ள வந்த 10 நிமிஷத்துக்குள்ள ஈசிஜி எடுத்து டாக்டர் கண்ணுல காட்டியாகணும், அதுதான் விதி. ரத்தக்குழாய் அடைச்சிருந்தா நிமிஷத்துக்கு நிமிஷம் இதயத் தசை செத்துக்கிட்டே இருக்கும். அந்தப் பெரியவருக்கு இருந்தது அதுவாவும் இருக்கலாம்.

யாருக்கு ரொம்ப வலிக்குது, யார் முதல்ல வந்தாங்கங்கறதெல்லாம் அப்புறம். யாரால காத்திருக்க முடியாதுன்னுதான் முதல்ல பாக்கறோம்.

பிப்ரவரி 12, காலை 7.20

நர்ஸ் எப்படி முடிவு பண்ணலாம்னு கேட்டதுக்கு நேத்து பதில் சொல்லல, டியூட்டி முடிஞ்ச களைப்பு.

இது யாரோட மனசுக்குத் தோணறபடி நடக்கற வேலை இல்ல. நெப்போலியன் படைல இருந்த டொமினிக் ழான் லாரேங்கற சர்ஜன்தான் அடிபட்டவன் ஜெனரலா சிப்பாயான்னு பாக்காதீங்க, எந்தக் காயம் ஆபத்தோ அதைக் கவனிங்கன்னு பழக்கத்துக்குக் கொண்டு வந்தவர். அதுக்கப்புறம் இருநூறு வருஷம் தாண்டிடுச்சு. இப்ப உலகத்துல நிறைய ஆஸ்பத்திரில அஞ்சு படி இருக்கற அளவுகோல் பயன்படுத்தறாங்க. ஆஸ்திரேலியால ஒண்ணு, கனடால ஒண்ணு, இங்கிலாந்துல மான்செஸ்டர் முறை, அமெரிக்கால ரிச்சர்ட் வூர்ஸ், டேவிட் ஐட்டல்னு ரெண்டு டாக்டருங்க 1990கள்ல உருவாக்கின எமர்ஜென்சி சிவியாரிட்டி இண்டெக்ஸ்.

அந்த அமெரிக்க முறைல கேள்வி வரிசையாப் போகும். இவர் உயிரக் காப்பாத்த இந்த நிமிஷமே ஏதாவது செய்யணுமா? ஆமான்னா படி 1, பேச்சே கிடையாது. இல்லன்னா, காத்திருந்தா ஆபத்தாகற நிலைமையா, புதுசா குழப்பமா பேசறாரா, மயக்கமா இருக்காரா, தாங்க முடியாத அவஸ்தையா? ஆமான்னா படி 2. அதுவும் இல்லன்னாதான் இவருக்கு எத்தனை விதமான வேலை தேவைப்படும்னு கணக்குப் போடுவோம். ரத்தப் பரிசோதனை ஒரு வகை, எக்ஸ்ரே ஒரு வகை, ட்ரிப்ஸ் ஒரு வகை, தையல் ஒரு வகை. ரெண்டோ அதுக்கு மேலயோன்னா படி 3, ஒண்ணுன்னா 4, ஒண்ணுமே இல்லன்னா 5.

உங்க கைக்கு தையல் மட்டும்னா படி 4. டெட்டனஸ் ஊசிய இந்தக் கணக்குல சேக்க மாட்டோம். உள்ள கண்ணாடித் துண்டு இருக்குமோன்னு சந்தேகம் வந்து எக்ஸ்ரேவும் வேணும்னா 3 ஆயிடும். இதைத்தான் அந்த நர்ஸ் உங்க முன்னாடி நின்னுக்கிட்டே மனசுல ஓட்டிப் பாத்திருக்காங்க.

பிப்ரவரி 12, காலை 7.45

ஒண்ணு விட்டுப்போச்சு. படி 3ன்னு வந்தாலும் அங்க நிக்கறதில்ல, வைட்டல்ஸ் பாக்கணும், அதாவது பல்ஸ், மூச்சு, ஆக்சிஜன் மாதிரி உடம்பு நிலைமையச் சொல்ற எண்கள். பெரியவங்களுக்கு பல்ஸ் 100க்கு மேல, மூச்சு நிமிஷத்துக்கு 20க்கு மேல, ஆக்சிஜன் 92க்குக் கீழன்னு இருந்தா, இவர படி 2க்கு ஏத்தணுமான்னு திரும்ப யோசிக்கணும். தானா ஏறாது, யோசிக்கணும். அந்த யோசிக்கற இடத்துலதான் அனுபவம் வேணும்.

பிப்ரவரி 12, இரவு 10.10

மூச்சு எண்றதப் பத்தி ஒருத்தர் கேட்டிருக்கார், மெஷின் இருக்கும்போது எதுக்கு கையால எண்ணணும்னு. எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், அதனால நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க.

பிபி மெஷின் எண்ணைக் காட்டும், விரல்ல மாட்டற கிளிப் பல்ஸையும் ஆக்சிஜனையும் காட்டும். மூச்ச மட்டும் ஆள் உக்காந்து எண்ணணும். அதனாலயே உலகம் பூரா கேஸ் ஷீட்ல அதிகமா ஏமாத்தற எண் இதுதான், யாரப் பாத்தாலும் 18, 20ன்னு எழுதியிருக்கும். ஆனா உடம்பு மோசமாகும்போது முதல்ல மாறற எண்ணும் பெரும்பாலும் இதுதான். நான் என்ன செய்வேன்னா, மணிக்கட்டப் பிடிச்சு பல்ஸ் பாக்கற மாதிரியே இருப்பேன், கண்ணு மட்டும் நெஞ்சு மேல. மூச்ச எண்றேன்னு சொல்லிட்டா யாரா இருந்தாலும் மூச்சு மாறிடும், நீங்களே இப்ப உங்க மூச்ச கவனிச்சுப் பாருங்க, புரியும். ஒரு முழு நிமிஷம் எண்ணுவேன். அந்த ஒரு நிமிஷத்துல வேற நிறையவும் தெரிஞ்சிடும், கழுத்துத் தசை இழுக்குதா, ஒரு வாக்கியத்த மூச்சு வாங்காம முடிக்கறாரா, உதட்டைக் குவிச்சு ஊதறாரா, முன்னாடி சாய்ஞ்சு கைய முட்டில ஊனிக்கிட்டு உக்காந்திருக்காரா. வாயால வெறும் சளிதான்னு சொல்லுவார், உடம்பு வேற சொல்லும்.

சக்கரை ரொம்ப ஏறி ரத்தம் அமிலமாகிப் போனவங்க ஆழமா வேகமா மூச்சு விடுவாங்க, நுரையீரல்ல ஒண்ணுமே இருக்காது, ஆக்சிஜன் 99 காட்டும். கிளிப்ப மட்டும் பாத்தா அவங்கள வெளிய உக்கார வச்சிடுவோம்.

பிப்ரவரி 13, மதியம் 2.30

கத்தறவங்களத்தான முதல்ல பாக்கறீங்கன்னு கோபமா எழுதியிருக்கற சகோதரிக்கு. சில இடத்துல அப்படி நடக்குது, நடக்கக் கூடாது. என்னைக் கேட்டா கத்தற குழந்தைக்கு மூச்சுப்பாதை திறந்திருக்கு, மூளைக்கு ரத்தம் போகுது, சண்டை போடத் தெம்பு இருக்கு. எனக்கு பயம், அம்மா தோள்ல துவண்டு கிடக்கற குழந்தை. ஊசியக் காட்டினாக்கூட திரும்பிப் பாக்காத குழந்தை. குழந்தைங்க உடம்பு கடைசி வரைக்கும் பிபிய விடாமப் பிடிச்சு வச்சிருக்கும், பல்ஸ் ஏறும், கை கால் சில்லுன்னு போகும், பிபி மட்டும் நார்மலா இருக்கும். பிபி இறங்கினப்புறம் கைல நேரமே இருக்காது. அதனால குழந்தைங்க விஷயத்துல தொடறதுக்கு முன்னாடியே தூரத்துல இருந்து மூணு பாக்கச் சொல்லித் தருவாங்க: குழந்தை எப்படி இருக்கு, மூச்சு விட எவ்வளவு கஷ்டப்படுது, தோல் நிறம் எப்படி.

உலக சுகாதார நிறுவனம் குழந்தைங்களுக்குன்னே ஒரு ட்ரையாஜ் பாடம் வச்சிருக்கு. மலாவில பிளாண்டயர்ங்கற ஊர் ஆஸ்பத்திரில அதைக் கொண்டு வந்தாங்க, குழந்தைங்க வந்தவுடனே தரம் பிரிக்கறது, அவசரக் கேஸுக்கு அதே இடத்துல சிகிச்சைய ஆரம்பிக்கறதுன்னு. அட்மிட் ஆன குழந்தைங்கள்ல இறப்பு 10 முதல் 18 சதவீதமா இருந்தது 6 முதல் 8 சதவீதத்துக்கு இறங்குச்சு. இதப் படிச்ச அன்னிக்கு எனக்குத் தூக்கம் வரல. பெரிய மெஷின் வாங்கி சாதிச்சது இல்ல, வரிசைய மாத்தினதும் வந்த நிமிஷமே வைத்தியத்தத் தொடங்கினதும்தான்.

பிப்ரவரி 13, மதியம் 2.50

சந்தோஷமா ஒண்ணு சொல்லிடறேன். வாசல்ல அவசரத்துக்குத் தகுந்த மாதிரி கலர் பட்டை கட்டுவோம்ல, சிவப்புன்னா உடனே, மஞ்சள்னா அடுத்தது, பச்சைன்னா காத்திருக்கலாம். கை உடைஞ்ச ஒரு பையன் பச்சைப் பட்டைய பாத்துட்டு எனக்கு சிவப்புதான் வேணும்னு அடம். சிவப்பு கெடைச்சவங்க ஐஸ்கிரீம் சாப்பிட முடியாதுடான்னேன். பச்சையே போதும்னுட்டான்.

பிப்ரவரி 14, இரவு 11.30

அப்பாவுக்கு எல்லா ரீடிங்கும் நார்மல், அப்படியும் உடனே உள்ள கூட்டிட்டுப் போனாங்க, ஏன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். மாத்திரை லிஸ்ட் கேட்டிருப்பாங்களே? பீட்டா பிளாக்கர்ங்கற பிபி, இதய மாத்திரை சாப்பிடறவங்களுக்கு உள்ள ரத்தம் கசிஞ்சாலும் பல்ஸ் ஏறாது, 70லயே நிக்கும். வயசானவங்களுக்கு ரத்தத்துல கிருமி பரவியிருந்தாலும் காய்ச்சல் வராமப் போகலாம், நேத்து வரைக்கும் தெளிவா இருந்தவர் இன்னிக்கு மகளப் பாத்து நீ யாருன்னு கேட்டா அதுவே போதும் எனக்கு. எப்பவும் 170 பிபி இருக்கறவருக்கு இன்னிக்கு 115னா அது நார்மல் இல்ல, இறங்கியிருக்கு.

ஆக்சிஜன் கிளிப்பையும் முழுசா நம்பாதீங்க. மூடின ரூம்ல ஜெனரேட்டர் புகை, கரி அடுப்புப் புகைல மாட்டினவங்க ரத்தத்துல கார்பன் மோனாக்சைடு ஏறியிருக்கும், கிளிப்புக்கு அதுக்கும் ஆக்சிஜனுக்கும் வித்தியாசம் தெரியாது, 98 காட்டும். இன்னொண்ணு, கருப்பான தோல்ல இந்தக் கிளிப் இருக்கறத விடக் கூடுதலாக் காட்டலாம், 2020ல அமெரிக்க ஆய்வு ஒண்ணு வந்து பெரிய பேச்சாச்சு. நம்ம நிறத்துக்காரங்க மறக்கவே கூடாத விஷயம். 93 காட்டுது, ஆனா ஆள் திணறறார்னா நான் ஆளைத்தான் நம்புவேன்.

பிப்ரவரி 16, காலை 6.50

சந்தேகம்னா எல்லாரையும் சிவப்புல போட்டுட்டா என்னன்னு கேட்டவருக்கு. நானும் புதுசுல அப்படித்தான் நினைச்சேன். ஆனா எல்லாரும் சிவப்புன்னா யாருமே சிவப்பு இல்ல, பெட் தீந்துடும், நிஜமான சிவப்பு வரும்போது இடம் இருக்காது. அதே சமயம் கொஞ்சம் கூட்டிப் போடறது தப்பில்ல. விபத்துக் கேஸ்கள்ல அமெரிக்க சர்ஜன்கள் சங்கம் இதுக்கு எண்ணே வச்சிருக்கு: தேவையில்லாம மேல போட்டது 25 முதல் 35 சதவீதம் வரைக்கும் ஏத்துக்கலாம், ஆபத்தானவங்கள கீழ போட்டது 5 சதவீதத்தத் தாண்டக் கூடாது. ஒரு பக்கத் தப்புக்கு நேரம் போகும், இன்னொரு பக்கத் தப்புக்கு உயிர் போகும். ரெண்டும் ஒரே எடை இல்ல.

பிப்ரவரி 16, இரவு 9.15

இத்தன நாளா எழுதினதத் திரும்பப் படிச்சேன். வாசல்ல ஒரு தடவ பாத்து கலர் கட்டறதுதான் ட்ரையாஜ்ங்கற மாதிரி ஒரு தோற்றம் வருது. அதுக்குத்தான் இந்தக் குறிப்பு, மத்ததெல்லாம் படிக்கலன்னாலும் இதப் படிங்க.

கலர் கட்டினது அந்த நிமிஷத்து நிலைமை. நாற்காலில உக்காந்திருக்கற ஆளு மாறிக்கிட்டே இருப்பாங்க. எமர்ஜென்சில எனக்கு ரொம்ப பயமான இடம் சிவப்பு ரூம் இல்ல, அங்க டாக்டர் இருக்காங்க, மானிட்டர் இருக்கு. பயம் வெளிய இருக்கற நாற்காலி வரிசைதான். அங்க மானிட்டர் எங்க கண்ணு மட்டும்தான்.

ஒரு பொண்ணு அடிவயித்து வலின்னு வந்தாங்க. பல்ஸ் 88, பிபி நல்லாருக்கு, முகம் தெளிவா இருக்கு. நாள் தள்ளிப்போயிருக்கான்னு கேட்டேன், இல்ல, லேசா ரத்தம் பட்டுக்கிட்டே இருக்குன்னாங்க. மஞ்சள் கட்டி, டெஸ்க்லேர்ந்து பாத்தா தெரியற மாதிரி எதிர் நாற்காலில உக்கார வச்சேன், யூரின் டெஸ்ட்டுக்கு டப்பா கொடுத்தேன். அரை மணி நேரத்துல ஒரு சுத்து வரும்போது தோளைப் பிடிச்சு விட்டுக்கிட்டிருந்தாங்க. வயித்து வலிக்கு வந்தவங்க தோளை ஏன் பிடிக்கறாங்க? உதடு வெளுத்திருந்தது, புறங்கை சில்லுன்னு ஈரமா இருந்தது, பல்ஸ் 122. வயித்துக்குள்ள ரத்தம் தேங்கி உதரவிதானத்த, அதாவது நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கற தசைய உறுத்தினா வலி தோள்ல தெரியும். ஸ்ட்ரெச்சர்னு கத்தினேன். கருக்குழாய்ல கரு தங்கி வெடிச்சிருந்தது. ஆபரேஷன் ஆச்சு, பிழைச்சாங்க.

மஞ்சள் கட்டினது அப்ப சரி. அரை மணில அது சரியில்லாமப் போச்சு. திரும்பிப் பாத்ததாலதான் தெரிஞ்சது. அதனால புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு நான் சொல்றது, கலர் கட்டறத பத்து நாள்ல கத்துக்கலாம், எந்திரிச்சு ஒரு சுத்து வர்றதுக்குத்தான் பழகணும், கூட்டம் நெரியும்போது அதுதான் முதல்ல விட்டுப்போகும். ட்ரையாஜுக்கு ஒரே ஒரு நர்ஸ போட்டுட்டு, புது ஆளுங்களையும் பாரு, உக்காந்திருக்கறவங்களையும் பாருன்னா நடக்கவே நடக்காது. ரெண்டு பேர் வேணும். இத எந்த மீட்டிங்லயும் சொல்லுவேன்.

பிப்ரவரி 17, காலை 8.05

பாக்க நல்லா இருப்பாங்க, ஆனா காக்க வைக்கக் கூடாதுன்னா யார் யார்னு கேட்டதுக்கு, டக்குனு ஞாபகம் வர்றது.

பாராசிட்டமால் மாத்திரைய அள்ளிப் போட்டவங்க. முதல் நாள் சிரிச்சுப் பேசுவாங்க, ஈரல் அப்புறம்தான் போகும், அதுக்கான முறிவு மருந்து 8 மணி நேரத்துக்குள்ள ஏத்தினா ரொம்ப நல்லா வேலை செய்யும். பட்டன் பேட்டரி முழுங்கின குழந்தை, அது உணவுக்குழாய்ல மாட்டினா 2 மணி நேரத்துலயே அரிக்க ஆரம்பிச்சிடும். கை வராம இருந்துச்சு, வாய் கோணுச்சு, இப்ப சரியாயிடுச்சுன்னு வர்றவங்க, சரியாயிடுச்சுன்னு திருப்பி அனுப்பவே கூடாது, பெரிய பக்கவாதத்துக்கு முன்னெச்சரிக்கையா இருக்கலாம். பாம்பு கடிச்ச இடத்துல வீக்கமே இல்லாதவங்க, நரம்ப பாதிக்கற விஷத்துக்கு வீக்கம் வராமலே கண் இமை மெல்லத் தொங்கும். சக்கரைக்காரங்களோட வலியில்லாத ஹார்ட் அட்டாக், பொம்பளைங்களுக்குத் தாடை வலி, முதுகு வலி, வாந்தி, காரணமில்லாத அசதின்னு வர்ற ஹார்ட் அட்டாக்.

பிப்ரவரி 19, இரவு 10.40

பஸ் கவிழ்ந்து 40 பேர் ஒரே நேரத்துல வந்தா இதே முறைதானான்னு கேட்டிருக்காங்க. இல்ல, அங்க கணக்கே மாறுது, எழுதவே கஷ்டமா இருக்கு.

தினசரி எமர்ஜென்சில ரொம்ப மோசமான ஒருத்தருக்காக எல்லாரும் ஓடுவோம். கூட்டமா அடிபட்டு வரும்போது இருக்கற கைகள வச்சு அதிகம் பேரக் காப்பாத்தணும். கலிஃபோர்னியால 1983ல உருவான ஸ்டார்ட் முறைதான் பல இடத்துல சொல்லித் தர்றாங்க. நடக்க முடிஞ்சவங்க எல்லாரும் அந்தப் பக்கம் போங்கன்னு முதல்ல குரல் கொடுக்கணும், அவங்க பச்சை. மிச்சம் இருக்கறவங்ககிட்ட மூச்சு 30க்கு மேலயா, நகத்த அமுக்கி விட்டா 2 செகண்டுக்குள்ள நிறம் திரும்புதா, சொன்னதச் செய்யறாங்களா, இவ்வளவுதான். ஒண்ணு தவறினாலும் சிவப்பு. மூச்சு இல்லன்னா தலைய நிமிர்த்தி மூச்சுப்பாதைய திறக்கணும், அப்பவும் மூச்சு வரலன்னா கருப்புப் பட்டை கட்டிட்டு அடுத்த ஆள்கிட்ட போயாகணும். நெஞ்ச அமுக்கிக்கிட்டு அங்கயே உக்கார முடியாது. குழந்தைங்களுக்கு மட்டும், மூச்சு நின்னு நாடி இருந்தா அஞ்சு தடவ மூச்சு ஊதிப் பாக்கச் சொல்ற தனி முறை இருக்கு, ஏன்னா குழந்தைங்களுக்குப் பெரும்பாலும் மூச்சுதான் முதல்ல நிக்கும், இதயம் அப்புறம்.

கருப்பு கட்டின கைக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராது. அத யாரும் பேசறதில்ல, பேசணும். ஷிஃப்ட் முடிஞ்சதும் எல்லாரும் வட்டமா உக்காந்து பத்து நிமிஷம் பேசினாக்கூட போதும்.

பிப்ரவரி 20, காலை 7.00

குடிச்சுட்டு வந்தவங்களக் கடைசியா பாத்தா என்ன தப்புன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். தப்புதான். குடி நாத்தம் வந்தா வேற எதுவும் மனசுல நிக்காது, அதுதான் ஆபத்து. உளர்றது தலைக்குள்ள ரத்தக்கசிவால இருக்கலாம், சக்கரை 40க்கு இறங்கினதால இருக்கலாம். விரல்ல ஒரு குத்து, அரை நிமிஷத்துல சக்கரை தெரியும். மனநலப் பிரச்சனைக்கு ஏற்கனவே வைத்தியம் எடுக்கறவங்க நெஞ்சு வலின்னா பதட்டம்னு தள்றதும் இதே கதைதான். அவங்களுக்கும் அதே 10 நிமிஷம், அதே ஈசிஜி. பெரிய இடத்துலேர்ந்து போன் வந்தாலும் அதே வரிசை. ஜெனரலா சிப்பாயான்னு பாக்காதீங்கன்னு லாரே சொன்னது இன்னிக்கும் அப்படியே இருக்கு.

பிப்ரவரி 22, இரவு 9.30

அம்மாவ அடிக்கடி எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போக வேண்டியிருக்கு, டெஸ்க்ல என்ன சொன்னா உதவியா இருக்கும்னு கேட்டவங்களுக்கு.

கதைய பத்து வருஷத்துக்கு முன்னாலேர்ந்து ஆரம்பிக்காதீங்க, இன்னிக்கு ஏன் வந்தீங்கங்கறத முதல் வாக்கியமா சொல்லுங்க. எப்ப ஆரம்பிச்சதுன்னு மணி சொல்லுங்க. பேச்சு குழறுது, கை விழுந்துடுச்சுன்னா கடைசியா நல்லா இருந்தத எப்பப் பாத்தீங்கன்னு கேப்போம், அந்த மணிதான் எங்களுக்கு வேணும், அடைப்பக் கரைக்கற ஊசி வழக்கமா 4.5 மணி நேரத்துக்குள்ளதான். தூங்கி எந்திரிக்கும்போதே அப்படி இருந்தா, எந்திரிச்ச நேரத்தச் சொல்லாதீங்க, ராத்திரி நல்லாப் படுத்த நேரத்தச் சொல்லுங்க. மாத்திரை அட்டைய அப்படியே எடுத்துட்டு வாங்க, பேரு ஞாபகம் இல்லன்னு தலைய சொறிய வேணாம். எந்த மருந்து ஒத்துக்காதுங்கறதையும் சொல்லிடுங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க தலைல லேசா இடிச்சிருந்தாலும் அத முதல்லயே சொல்லணும், அது வரிசையவே மாத்தும்.

இது உங்களுக்குத் தெரிஞ்ச அம்மா, எங்களுக்குப் புதுசு. வழக்கமா இப்படி இருக்க மாட்டாங்கன்னு நீங்க சொன்னா அது எங்களுக்கு ஒரு வைட்டல் சைன் மாதிரி.

பிப்ரவரி 22, இரவு 9.50

உக்காந்திருக்கும்போது மூச்சு வாங்கினா, வலி கூடினா, புதுசா வேர்த்தா, தூங்கி வழிஞ்சா, வந்து சொல்லுங்க. தொந்தரவு பண்றோமோன்னு நினைக்கவே வேணாம். டாக்டர் பாக்கற வரைக்கும் சாப்பிடக் கொடுக்கலாமான்னு கேட்டுட்டுக் கொடுங்க, ஆபரேஷன் வேண்டி வந்தா வயிறு காலியா இருக்கணும். பொறுமை போயி கிளம்பறதுன்னாக்கூட டெஸ்க்ல சொல்லிட்டுக் கிளம்புங்க, ஒரு தடவ பிபி, பல்ஸ் பாத்துட்டு, எது எது ஆனா உடனே திரும்பி வரணும்னு சொல்லி அனுப்புவோம்.

நாளைக்கு நைட் டியூட்டி, பாக்கி கேள்விக்கு செவ்வாய்க்கிழமை வர்றேன்.